தேயாத ரயர்: பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஒரு சறுக்கல்

அந்த ரயர் இப்போது எங்கள் வீட்டு மாமரத்தடியில் கிடக்கிறது. தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும் என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து ஏசிவிட்டுப் போனபின், சுற்றிவர ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இன்னும் எவ்வளவு வெட்டுக் கிடக்கு, ஏன் கழட்டினனீ?" நியாயமான கேள்வி. ஓரத்து வெட்டுக்குள், அதாவது ரயர் முகத்தின் பள்ளத்துக்குள், நெருப்புக்குச்சியின் மருந்துத் தலையை விட்டால் முழுதாக மறைகிறது. 11,400 கிலோமீற்றர் ஓடிய பின்ரயர் அது. அரைவாசிதான் தேய்ந்திருக்கிறது.

அது ஏன் அவ்வளவு மெதுவாகத் தேய்ந்தது என்று, மோட்டார் சைக்கிளோடு வீதியில் சறுக்கி விழுந்த பிறகுதான் யோசித்தேன். இந்த ஆய்வு அந்த யோசனையின் கணக்கு.

வயலும் வாய்க்காலுமாகத் திரிகிற வெளிக்கள வேலை என்னுடையது. வண்டி 2019 இல் எடுத்த பஜாஜ் சி.ரி. 100. முன்னுக்கு 2.75-17, பின்னுக்கு 3.00-17 ரயர், இரண்டுக்கும் ரியூப். மாதம் எழுநூறு, எண்ணூறு கிலோமீற்றர் ஓடும். பாதிக்கு மேல் தார் போட்ட காப்பெற் வீதி: கிளிநொச்சியிலிருந்து ஏ9 இல் பரந்தன் சந்தி, அங்கிருந்து ஏ35 இல் முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, சில நாளில் புதுக்குடியிருப்பு வரை. மிச்சம் இரணைமடு வாய்க்கால் கட்டுகளும் கிறவல் ஒழுங்கைகளும். வன்னியில் பலருக்கும் பாதை இப்படித்தான். நேரான காப்பெற்றில் ஒரு பறப்பு, பிறகு திடீரென்று செம்மண்.

வண்டியோடு வந்த பின்ரயர் 22,000 கிலோமீற்றர் ஓடி, நடுப்பகுதி மொட்டையாகி, 2022 யூனில் கையை விரித்தது. அந்த மாதத்தை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனது. பெற்றோல் செற் வாசலில் ஆட்கள் படுத்து எழும்பினார்கள். ரயர் விலையும் இரட்டிப்பைத் தாண்டியிருந்தது. அதுவும் கிடைத்தால்தான். நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் பின் அறைக்குள் போன பெடியன், தூசி துடைத்த ஒரு ரயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இது ஒண்டுதான் அண்ணை கிடக்கு, வேணுமெண்டா எடுங்கோ." கறுப்பாக மினுங்கியது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

அடுத்த மாதங்களில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் கிழமைக்கு 4 லீற்றர். அப்போது ஊரெல்லாம் பரவிய ஒரு கைவைத்தியம், ரயரைக் கல்லுப்போல இறுக்கிக் காற்றடித்தால் பெற்றோல் மிச்சம் என்பது. கொஞ்சம் உண்மைதான், உருளும்போது ஏற்படும் தடை குறையும். தனியாக ஓடும்போது பின்ரயருக்குச் சொல்லியிருக்கும் காற்றழுத்தம் 28 பி.எஸ்.ஐ., ஆள் ஏற்றினால் 32. நான் 38, 40 என்று அடித்தேன். 2023 செப்ரெம்பர் முதலாம் திகதி கியூ.ஆர். முறையை நிறுத்தினார்கள். என் பழக்கத்தை ஒருவரும் நிறுத்தவில்லை.

விழுந்த பின்னேரம்

2023 ஒக்ரோபர் முதற்கிழமை. சித்திரை மழைக்குப் பிறகு சொல்லும்படியாக ஒரு துளி விழாத வீதி. சிறுபோகம் பிந்தி வெட்டிய வயற்காரர், முரசுமோட்டைக்கும் தருமபுரத்துக்கும் இடையில் வீதியோரம் படங்கு விரித்து நெல் காயவிட்டிருந்தார்கள். நாலரை மணிக்கு மேற்கே இருட்டியது. இடியோடு பத்து நிமிடம் கொட்டிவிட்டு, நின்று, தூறத் தொடங்கியது. தார் மணம் எழும்பியது. படங்கை மடித்து நெல்லை அள்ளியவர்கள் பதரையும் வைக்கல் தூசியையும் அள்ளவில்லை. அது ஈரத்தில் ஊறி, காப்பெற்றில் கஞ்சிபோலப் படர்ந்திருந்தது.

ஒரு மதகடியில் இடப்பக்கம் மெல்லத் திரும்பும் வளைவு. 40 இல் வந்தேன். வளைவின் நடுவில் ஒரு முதியவர் நனைந்த சாக்கொன்றை வீதிக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தார். வலது கால் தானாகப் பின்பிறேக்கை அமத்தியது. அவ்வளவுதான். பின்பக்கம் வலப்பக்கமாக நழுவி, வண்டி இடப்பக்கம் படுத்து, கால்மிதி வீதியில் கோடு கிழித்துக்கொண்டு போனது. நான் பின்னால் சறுக்கிக்கொண்டு போனேன். ஹெல்மெற் தட்டவில்லை. உள்ளங்கையும் முழங்காலும் உரஞ்சின. மழைக்கோட்டு முழுக்கப் பதர் ஒட்டியிருந்தது, ஏதோ என்னையும் காயவிட்டது மாதிரி.

"ஐயோ சேர், விழுந்திட்டியளோ? என்னாலதானே!" என்று அந்த ஐயா ஓடிவந்து தூக்கினார். இல்லை ஐயா, வழுக்கிப் போச்சு என்றேன். அப்போது என் தீர்ப்பும் அதுதான்: முதல் மழை, பதர், விதி.

அளவு நாடாவோடு

மூன்றாம் நாள் காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். வயல் அளக்கும் நாடா எப்படியும் பையில் இருக்கும். வீதி விளிம்பில் 20 மீற்றர் நேராக இழுத்துப் பிடித்தால், நடுவில் விளிம்புக்கும் நாடாவுக்கும் 80 சென்ரிமீற்றர் இடைவெளி. பள்ளிக்கூடத்து வட்டக் கணக்குப்படி வளைவின் ஆரை 63 மீற்றர் வருகிறது. 40 கிலோமீற்றர் வேகத்தில் அதில் திரும்ப, புவியீர்ப்பின் ஐந்தில் ஒரு பங்கு அளவு பக்கவாட்டுப் பிடி வேண்டும். 0.2 என்று வைத்துக்கொள்வோம். வலுவான திருப்பம் என்று சொல்லவே முடியாது. நனைந்த சுத்தமான தார்வீதியில் சுமாரான ரயர் 0.5, 0.6 தரும். காய்ந்த வீதியில் 0.8 அளவு.

ஆனால் நான் பிறேக்கும் பிடித்தேன். அமத்திய அளவு, வேகம் குறைந்த கணக்கில், அதுவும் சுமார் 0.2 என்று வைத்தேன். இங்கேதான் கணக்கு எனக்கு எதிராகத் திரும்பியது. அந்த 0.2 முழு வண்டிக்கும் சேர்த்து. பிடித்ததோ பின்சில்லு ஒன்றை மட்டும். பின்சில்லில் இருந்த பாரம் மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி. பாதிப் பாரத்தை வைத்துக்கொண்டு முழு வண்டியையும் மறிக்கச் சொன்னால், அந்தச் சில்லு தன் பாரத்துக்கு இருமடங்கு விகிதத்தில், அதாவது 0.4 அளவில், வீதியைப் பிடிக்க வேண்டும். அதோடு திருப்பத்துக்கான 0.2. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து, பைதகரஸ் போட்டால் 0.45.

ரயரின் பிடி வாய்க்கால் தண்ணீர் மாதிரி. ஒரு மதகை அகலத் திறந்தால் அடுத்த வயலுக்கு மெலிந்துதான் போகும். திரும்புவதற்கும் மறிப்பதற்கும் தனித்தனிக் கணக்கு ரயரிடம் இல்லை, ஒரே இருப்பிலிருந்துதான் இரண்டும் போகிறது. அதே பிறேக்கை முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்ந்திருந்தால் ஒவ்வொரு சில்லுக்கும் 0.28 போதும்.

ஏன் பகிரவில்லை? இங்கே எங்களுக்கு மோட்டார் சைக்கிள் பழக்கியவர்கள் எல்லாரும் கிறவல் வீதிக்காரர்கள். "முன்பிறேக்கைத் தொட்டியோ, தலைகீழாப் போவாய்" என்பதுதான் முதற்பாடம். கிறவலில் அதில் நியாயம் உண்டு, முன்சில்லு வழுக்கினால் எழும்ப நேரமில்லை. காப்பெற்றுக்கு ஏறிய பிறகும் அந்தக் கால் அதே பாடத்தோடு இருக்கிறது. சரி, என் பங்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 0.45 என்பது நனைந்த வீதியில் ஒரு நல்ல ரயர் தரக்கூடியது. அன்று கிடைக்கவில்லை. பதர் குடித்ததா, ரயரிடமே இல்லையா?

கழற்றிப் பார்த்தபோது

பரந்தன் பக்கம் ரயர் ஒட்டும் அண்ணை ஒருவரிடம் வண்டியை விட்டேன். சில்லைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டவர், ரயரை வெட்டுப் பார்க்கவே இல்லை. பெருவிரல் நகத்தை அதன் முகத்தில் குத்தி அழுத்தினார். எடுத்தார். தடம் இல்லை. பக்கத்தில் கிடந்த வேறொரு ரயரில் அதே நகத்தைக் குத்தினார். பிறை மாதிரி ஒரு தடம் விழுந்து, மெல்ல மெல்ல மறைந்தது.

"உது ரயரில்லை தம்பி, தேங்காய்ச் சிரட்டை."

பிறகு ரயரை வளைத்து வெட்டுகளின் அடிப்பள்ளத்தைக் காட்டினார். காய்ந்த குளத்துச் சேறு வெடித்ததுபோல மயிரிழை வெடிப்புகள். சில்லில் பூட்டியிருக்கும்போது வெளியில் தெரியாதவை. பக்கச் சுவரைத் துடைத்து, டி.ஓ.டி. என்ற எழுத்துக்கு அங்கால் நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு இலக்கத்தில் விரலை வைத்தார்: 2314. முதல் இரண்டும் கிழமை, பிந்திய இரண்டும் வருடம். 2014 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமை செய்தது. 2022 இல் நான் "புதிது" என்று வாங்கியபோது அதற்கு எட்டு வயது. 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு செய்த ரயர்களில் இந்த நாலு இலக்கமுறைதான். அது அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. குனிந்து பார்க்க என்னிடம் அரை நிமிடம் இருக்கவில்லை.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவருக்கே அந்த இலக்கம் தெரியுமோ என்னவோ. இறக்குமதி நின்ற காலத்தில் மூலையில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. எட்டு வருடம் தகரக் கூரைக்குக் கீழே வன்னி வெயிலில் அது கிடந்ததா என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ரயர் வெறும் இறப்பர் பால் கிடையாது. இயற்கை இறப்பர், செயற்கை இறப்பர், கரித்தூள், எண்ணெய், மெழுகு, கந்தகம் எல்லாம் போட்டுப் பிசைந்து அவித்தது. 1839 இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்தது இந்த அவியலைத்தான்: சூட்டில் கந்தகம் இறப்பர் இழைகளுக்கிடையே பாலம் போடுகிறது, ஒட்டுகிற பசை மீள்கிற இறப்பராகிறது. ஆலையை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த வேலை முற்றாக நிற்பதில்லை. வெப்பமும் ஒட்சிசனும் சேர்ந்து மேலும் மேலும் பாலம் போட்டு இறுக்குகின்றன, இளக்கத்துக்காகச் சேர்த்த எண்ணெய் மெல்ல வெளியேறுகிறது. வெடிப்பைத் தடுக்கும் மெழுகு, ரயர் உருண்டு நசியும்போதுதான் நன்றாக மேலே கசிந்து பரவும். அதனால் ஓடாமல் மூலையில் கிடக்கும் ரயருக்கு அந்தக் காவலும் குறைவு. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் இப்படியான வேதி வேலைகள் சுமார் இருமடங்கு வேகமெடுக்கும் என்பது பொதுக்கணக்கு. குளிர்நாட்டுக் களஞ்சியத்து எட்டு வருடமும் தகரக் கூரைக்குக் கீழ் எட்டு வருடமும் ஒன்றில்லை. மிச்செலின் போன்ற கொம்பனிகள், ஓடத் தொடங்கி ஐந்து வருடம் தாண்டிய ரயரை வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டும்படியும், செய்து பத்து வருடமானால் வெட்டு இருந்தாலும் கழற்றும்படியும் சொல்கின்றன.

இறுகிய இறப்பர் மெதுவாகத்தான் தேயும். பாதி தேய்ந்ததோடு நின்ற அந்த அதிசயத்தின் காரணம் இதுதான். நான் அதைத் தரம் என்று நினைத்து இரண்டொருவருக்குப் புழுகியும் இருந்தேன்.

காய்ந்த வீதி மறைத்தது

அப்படியானால் பதினாறு மாதம் எப்படி ஓடினேன்? இதற்குப் பதில் தேட, காயம் ஆறிய பிறகு ஒரு சின்னப் பரீட்சை செய்தேன். போக்குவரத்தில்லாத, நேரான, சுத்தமான காப்பெற் துண்டொன்று. 30 இல் வந்து, கிளச்சைப் பிடித்துக்கொண்டு பின்பிறேக்கை மட்டும் பூட்டும்படி அமத்துவது. நின்ற தூரத்தை நாடாவால் அளப்பது. இரண்டு ரயருக்கும் 28 பி.எஸ்.ஐ., மும்மூன்று முறை. பழைய ரயரை மழை நின்ற கையோடும், பிறகு வெயிலிலும். புது ரயர் பூட்டி, அதன் மேல்மினுக்கம் போக நூற்றைம்பது கிலோமீற்றர் பக்குவமாக ஓடிய பிறகு, அதே இடத்தில் அதே மாதிரி. யாரும் பின்பற்றும்படி சொல்லமாட்டேன். வீட்டுக்காரி அறிந்தபோது நாடாவையே ஒளித்துவைத்துவிட்டா.

வெயிலில் பழையது 11 மீற்றரில் நின்றது, புதியது அதைவிட அரை மீற்றர் குறைவு. வித்தியாசமென்றே சொல்ல முடியாது. நனைந்த வீதியில் புதியதற்கு 13, 14 மீற்றர். பழையதற்கு 18 முதல் 20. பின்சில்லின் பாரத்தை வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால், ஈரத்தில் புதியதன் பிடி 0.6 பக்கம், பழையது 0.4 பக்கம்.

ரயர் வீதியை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, இறப்பர் கல்லோடு நேரடியாக ஒட்டுவது. மற்றது, வீதியில் துருத்தும் சின்னக் கல்முனைகளைச் சுற்றி இறப்பர் அமிழ்ந்து, பிதுங்கி, மீள்வது. மீளும்போது போட்ட சக்தி முழுதும் திரும்புவதில்லை, அந்த நட்டம்தான் எங்களுக்குப் பிடி. காய்ந்த வீதியில் இரண்டும் வேலை செய்யும். மெல்லிய தண்ணீர்ப் படை இடையில் வந்தால் முதலாவது பெரும்பாலும் போய்விடும், இரண்டாவதை நம்பித்தான் நிற்க வேண்டும். சிரட்டையாகிப்போன இறப்பர் கல்முனைக்குள் அமிழாது. பழைய இறப்பர் செருப்போடு கிணற்றுக்கட்டில் நின்று குளித்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. முற்றத்தில் நாள்முழுக்க ஒழுங்காக நடந்த செருப்புத்தான், ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் ஆளை விழுத்தும்.

வன்னியில் வருடத்தின் பெரும்பகுதி காய்ந்த வீதிதான். மாரி ஒக்ரோபர் கடைசியில் பிடித்து மார்கழி, தைவரை. 2022 மாரியில் இரண்டு தடவை பின்பக்கம் ஆடியது நினைவிருக்கிறது. இரண்டு தடவையும் சேற்றின் தலையில் பழியைப் போட்டேன்.

வெட்டு ஆழமாக இருந்ததே, தண்ணீரை வெட்டி விலக்கியிருக்காதா என்று கேட்கலாம். வெட்டின் வேலை தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவது. ரயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, விமான ரயர்களை வைத்து நாசா கண்ட ஒரு சூத்திரம் உண்டு, காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடுவது. 28 பி.எஸ்.ஐ. க்கு அது மணிக்கு 88 கிலோமீற்றர் அளவில் வருகிறது. மோட்டார் சைக்கிள் ரயரின் உருண்டை முகத்துக்கு இன்னும் கூடவே வேண்டும். 40 இல் ஈரப்படையில் வழுக்கிய எனக்கு வெட்டு உதவியிருக்கவும் மாட்டாது, இல்லாமல் போயிருந்தாலும் பெரிய நட்டமில்லை. ஊரெல்லாம் வெட்டைத்தான் குனிந்து பார்க்கிறோம்.

காற்றின் பங்கும் இருக்கிறது. 38 இல் இறுக்கிய ரயர் வீதியில் பதியும் இடம் சுருங்கும். அதோடு நடுப்பகுதி மட்டும் தேயும். பரந்தனிலிருந்து ஏ35 ஐயும் ஏ9 இன் நீட்டுக்கோட்டையும் பார்த்தால் தெரியும், சாய வேலையே இல்லை. நேராகவே ஓடி ஓடி என் ரயரின் நடு தட்டையாகி, தட்டைக்கும் உருண்டை ஓரத்துக்கும் இடையில் ஒரு வரம்பு எழும்பியிருந்தது. நிமிர்ந்து ஓடும்போது உறுதியாக இருக்கும் வண்டி, சாயும்போது அந்த வரம்பில் ஏறித் தடுக்கி இறங்கும். வளைவில் என் வண்டி சட்டென்று "விழுந்து" சாய்வதைப் பல மாதம் உணர்ந்திருக்கிறேன். சில்லு போல்ஸ் (பெயாரிங்) பிழை என்று நினைத்து அதையும் ஒருமுறை மாற்றினேன்.

முன்ரயர் வண்டியோடு வந்தது. 33,000 கிலோமீற்றருக்குமேல் ஓடியும் அன்று பிடியை விடவில்லை. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

ஆக, கணக்கு இப்படி நிற்கிறது. அன்று பின்சில்லிடம் நான் கேட்டது 0.45. சுத்தமான ஈரவீதியிலேயே அதனிடம் இருந்தது 0.4. பதர் ஒரு துளி இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் அந்தப் பிறேக்குக்கு நான் விழுந்திருக்கலாம். பதரும் முதல் மழையின் எண்ணெய்க் கசடும் இருந்ததையும் குறைத்தன, எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அண்ணளவுக் கணக்குத்தான், பிறேக் அளவில் பிழை இருக்கலாம். ஆனாலும் அந்த ஐயாவின் பதரைத் திட்டிக்கொண்டு திரிந்ததை விட்டுவிட்டேன்.

பதரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. நெல் உமியை எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ரயரில் கரித்தூளின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்த்தால் ஈரவீதிப் பிடி கூடும், உருளும் தடையும் குறையும். கார் ரயர்களில் அது தொண்ணூறுகளில் பரவியது. குட்இயர் கொம்பனி சுமார் பத்து வருடமாக உமிச் சாம்பலிலிருந்து எடுத்த சிலிக்காவை ரயரில் சேர்க்கிறது. முரசுமோட்டையில் என்னை விழுத்திய பதரின் உறவுக்காரனே வேறெங்கோ ஒருவரை ஈரவளைவில் தாங்கிப் பிடிக்கிறான்.

அடுத்த ரயர்

புது ரயரை நகம் குத்தித்தான் எடுத்தேன், திகதி பார்த்து, அந்த வருடத்தில் செய்தது. காற்றுமானி ஒன்றும் வாங்கினேன். காலையில் வண்டி எடுக்க முதல் 28 வைத்தால், மத்தியானம் கொதிக்கிற வீதியில் ஓடிவந்து பார்க்க 31, 32 காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கக் கூடாது. ரயர் ஆறியிருக்கும்போது எடுப்பதுதான் அளவு.

இந்த ரயர் கெதியாகத் தேய்ந்தது. வெட்டுப் பள்ளத்துக்குள் சின்ன மேடாக ஒரு தேய்வுக் குறி இருக்கும், பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ ஒரு அம்புக்குறியோ இடத்தைக் காட்டும். மோட்டார் சைக்கிள் ரயர்களில் அந்த மேடு பெரும்பாலும் 0.8 மில்லிமீற்றர். முகம் அந்த மேட்டோடு சமமானால் முடிந்தது. எனக்கு 14,300 கிலோமீற்றரில் சமமானது. முதல் ரயர் 22,000 ஓடியது என்றாலும், கடைசி நாலாயிரம் அது மொட்டையாகத்தான் ஓடியிருக்கும், குறியை நான் அப்போது பார்த்ததே இல்லை. என் உர மூட்டைகளுக்கும் கிறவலுக்கும் இது மோசமில்லை. கந்தோரில் கூட வேலைசெய்யும் அக்காவின் ஸ்கூட்டரில் பின்ரயர் ஒன்பதாயிரத்திலேயே முடிந்தது. அவவுக்குத் தான் ஓடுவதில் ஏதோ பிழை என்று கவலை. அது பத்து அங்குலச் சில்லு. ஒரு கிலோமீற்றருக்கு அது 735 தடவை உருள, என்னுடையது 545 தடவைதான் உருளும். அதே தூரத்தில் அதன் ஒவ்வொரு துண்டு இறப்பரும் அத்தனை தடவை கூட வீதியில் உரசுகிறது.

எல்லாம் ஒரே பேரம்தான். மோட்டோ ஜி.பி. பந்தய ரயர் நூற்றிருபது கிலோமீற்றர் அளவான ஒரு பந்தயத்தோடு முடிந்துவிடும், கிட்டத்தட்டக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்புகிற தூரம். பெரிய வண்டிகளுக்கு நடுவில் கடினமும் ஓரத்தில் இளக்கமுமாக இரட்டை இறப்பர் போட்டுச் செய்கிறார்கள், எங்கள் ஏ35 மாதிரி நேர்வீதிக்கு அருமையான யோசனை. என் அளவுக்கு அப்படி ஒன்றை இங்கே எந்தக் கடையிலும் நான் காணவில்லை.

2025 மேயில் அதே அண்ணையிடம் அடுத்த ரயருக்குப் போனேன். கழற்றிய ரயரைத் தூக்கிப் பார்த்தவர் சிரித்தார்.

"பாத்தியே தம்பி, அந்தச் சிரட்டை மாதிரி நிண்டு பிடிக்கேல்லை."

புதியதைக் கொண்டுவந்து, நான் கேட்க முதலே திகதியைக் கைப்பேசி வெளிச்சத்தில் காட்டினார். நகம் குத்த விட்டார். பூட்டினார், காற்றடித்தார், தன் மானியைப் பார்த்து "இருபத்தெட்டு, சரி" என்றார். என் மானியை வைத்தேன். 33.

"அண்ணை, கொஞ்சம் இறக்கி விடுங்கோ."

அவர் இரண்டு மானியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கொம்பிரசர் பக்கத்தில் கிடந்த தன் மானியை ஒருதரம் தொடையில் தட்டினார். பிறகு வால்வை நெரித்தார்.